ஹேமாவுக்கு டார்கெட் ஏழு

ஒரு குழந்தையின் மூத்திரக் கணக்கில் பொய் எழுதியிருக்கிறேன்.

சும்மா வாய்ப் பொய் இல்லை. தேதி, மணி, மில்லி லிட்டர் எல்லாம் போட்டு, நீல மையில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்ட பொய். பதினோரு வருஷமாக மறைமலை நகரில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, லேட்டாக வருகிறவர்கள் சொல்லும் பொய்களை ரிஜிஸ்டரில் ஏற்றுகிறவன் நான். சொந்தமாக எழுதிய பொய்களில் இதுதான் முதல்... சரி, முதல் பெரிய பொய்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். மருத்துவ ஆராய்ச்சி என்று எங்கே நாலு வரி கண்டாலும் விடமாட்டேன். எங்கள் கம்பெனிக்கு வாரம் இரண்டு நாள் ஒரு டாக்டர் வருகிறார். அவருக்கு வரும் வெளிநாட்டுப் பத்திரிகைகளை அவர் பிரிப்பதில்லை — நான் பிரிக்கிறேன். பாதி புரியும். மீதியை உங்களுக்கு எழுதிவிடுவேன்!

காபி இதயத்துக்குக் கெடுதல் என்று எழுதினேன். இரண்டு மாதம் கழித்து, காபி அப்படியொன்றும் கெடுதல் இல்லை என்று எழுதினேன். திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டார்: "நடுவில் அறுபது நாள் நான் குடிக்காமல் விட்ட காபிக்கு யார் பொறுப்பு?" இன்றுவரை பதில் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது?

விஷயத்துக்கு வருகிறேன். ஹேமா, என் மனைவியின் தம்பி குமரேசனின் மகள். ஐந்து வயது. யு.கே.ஜி. இந்த வருஷத்தில் மட்டும் நாலு தடவை குளிர் காய்ச்சல். மாத்திரை கொடுத்தால் நிற்கும், நிறுத்தினால் வரும். "பல்லு முளைக்குது", "வெயில் சூடு", "கண்ணு பட்டுடுச்சு" என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு டாக்டர் மூத்திரத்தைப் பரிசோதித்துவிட்டு, மெட்ராஸுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே குழந்தைகளின் சிறுநீர்ப் பாதை ஆபரேஷனுக்கென்றே படித்த ஒரு டாக்டரம்மா இருக்கிறார். குமரேசன், அவன் மனைவி தேவி, ஹேமா — துணைக்கு நான். எல்லாம் தெரிந்தவன் அல்லவா!

டாக்டரம்மா எக்ஸ்ரேவை விளக்கில் பிடித்துக் காட்டினார்.

"மூத்திரப் பையிலேர்ந்து கீழ போக வேண்டியது, கொஞ்சம் மேல கிட்னிக்கு ஏறுது பாருங்க. கூடவே கிருமியும் ஏறுது. இப்படியே விட்டா கிட்னியில தழும்பு விழுந்துடும்."

குமரேசன் எக்ஸ்ரேவை உற்றுப் பார்த்தான். அவன் எங்கள் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர்.

"ரிவர்ஸ் ஃப்ளோ. நான்-ரிட்டன் வால்வு வேல செய்யல. அதானே மேடம்?"

"கரெக்ட்! நானே இவ்வளவு சுருக்கமா சொன்னதில்ல" என்றார் டாக்டரம்மா.

"ரீ-ஒர்க் பண்ணா சரியாயிடுமா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "ஆபரேஷன் பண்ணினால் சரியாகுமா என்று கேட்கிறான்" என்று நான் மொழிபெயர்த்தேன்.

"அவசரப்படாதீங்க. முன்னெல்லாம் உடனே கத்திதான். இப்ப அப்படி இல்ல. சில குழந்தைங்க அடக்கி அடக்கியே இதை வரவழைச்சுக்குதுங்க. பழக்கத்தை மாத்தி, கொஞ்ச நாள் சின்ன டோஸ்ல மருந்து கொடுத்தா நிறைய பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகுது. ஆனா, ஒழுங்கா போற குழந்தைக்கே இப்படி இருந்தா, அப்ப ஆபரேஷன்தான்."

இதையேதான் நான் போன மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை.

"எந்த வகைன்னு எப்படி மேடம் தெரியும்?" என்றாள் தேவி.

"மூணு நாள் எழுதிட்டு வாங்க. எத்தனை மணிக்குப் போறா, எவ்வளவு போறா. ராத்திரியில எழுப்ப வேண்டாம். அவ்வளவுதான்."

"இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு எத்தினி தபா போவணும் மேடம்?" என்றான் குமரேசன்.

"ஆறு, ஏழு."

அந்தப் பதிலைச் சொன்னதுதான் டாக்டரம்மா செய்த ஒரே தப்பு.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு போர்டு உண்டு. மணிக்கு ஒரு கட்டம். இந்த மணியில் எத்தனை பீஸ் இறங்கியது என்று கட்டத்தில் எழுத வேண்டும். மேலே சிவப்பு எழுத்தில் டார்கெட். கட்டம் காலியாக இருந்தால்? மேனேஜர் வந்து நிற்பார். "இங்க என்னப்பா ஆச்சு?" என்பார். அந்தக் கேள்வி வராமல் இருக்க, ஒன்பது மணியில் குறைந்ததைப் பத்து மணியில் ஏற்றி, பத்தில் மிஞ்சியதைப் பதினொன்றுக்குத் தள்ளி... இந்தக் கலையைப் புதிதாகச் சேரும் பையன்கூட மூன்றே நாளில் கற்றுக்கொள்கிறான். போர்டில் காலிக் கட்டம் என்பது எங்கள் ஊர்ப் பக்கத்தில் மானப் பிரச்சினை.

குமரேசன் மறுநாளே ஒரு சார்ட் பேப்பர் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான். காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை கட்டம் கட்டமாக. மேலே, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில்: டார்கெட் — 7. ஸ்டோரில் 'டெஸ்டிங்' என்று எழுதிக் கொடுத்து, மெஷினுக்கு ஊற்றும் கூலன்ட்டை அளக்கும் பிளாஸ்டிக் ஜாடி புதிதாக ஒன்று வாங்கி வந்துவிட்டான். நாளுக்கு ஓர் ஆள் பொறுப்பு. வெள்ளிக்கிழமை தேவி — அவள் வேலை பார்க்கும் பேக்கிங் கம்பெனியில் அன்று வார லீவு. சனிக்கிழமை பக்கத்து வீட்டு ரோசம்மா. ஞாயிற்றுக்கிழமை நான். சார்ட்டை வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டி, "இன்சார்ஜ் கையெழுத்து" என்று ஒரு கட்டமும் போட்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குப் போய்விட்டேன். குமரேசன் ஓ.டி.க்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

அவர்கள் இருப்பது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாக எட்டு வீடு. எட்டு வீட்டுக்கும் பின்பக்கம் இரண்டே கக்கூஸ். எட்டு வீட்டிலும் யாராவது ஒருவராவது கம்பெனிக்குப் போகிறவர். அதனால் அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: கம்பெனி பஸ் பிடிக்கிறவருக்குத்தான் முதல் இடம். ஐந்து நாற்பது பஸ்காரர்கள் முதலில், அப்புறம் ஏழரை மணி பஸ்காரர்கள், அப்புறம் மற்றவர்கள். இதில் சண்டை வந்ததே இல்லை. பஸ் போனால் அரை நாள் சம்பளம் போச்சு — எல்லாருக்கும் தெரியும்.

ஹேமா பக்கெட்டோடு ஓரமாக நின்றாள். மூன்று பேர் போய் வந்தார்கள். நாலாவதாக ஒருவர் ஓடி வந்தார். "பஸ் மாமா!" என்று அவளே நகர்ந்து வழி விட்டாள். எவ்வளவு நல்ல குழந்தை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையாகவே பெருமையாக இருந்தது.

ஆறே முக்காலுக்கு இடம் காலியானது.

"போம்மா ஹேமா."

"இப்ப வல்ல மாமா."

எட்டு மணிக்குக் கேட்டேன். "வல்ல." ஒன்பதுக்கு... பத்துக்கு... "வல்ல மாமா, நான் வெளயாடுறேன்." நடுநடுவே விளையாட்டை நிறுத்திவிட்டு, ஒரு காலை மடக்கி, குதிகால்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொள்வாள். சம்மணம் போடாமல் இப்படி அழகாக உட்காரப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பதினொன்று ஆயிற்று. சார்ட்டைப் பார்த்தேன். என் நாளில் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை. பக்கத்திலேயே தேவியின் வெள்ளிக்கிழமை — ஏழு தடவை, டார்கெட் ஓ.கே. ரோசம்மாவின் சனிக்கிழமை — எட்டு தடவை! டார்கெட்டைத் தாண்டி ஒன்று கூடுதல்! என் நாளில் மட்டும் வெள்ளை வெளேரென்று...

என் கை தானாகப் பேனாவை எடுத்தது.

ஏழு மணி — 130. ஒன்பது — 110. பதினொன்று — 120. ரோசம்மா எட்டு கட்டத்திலும் 150, 150 என்றே எழுதியிருந்தார். பொய் எழுதத் தெரியாதவர் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஓர் ஏளனம். நான் அனுபவசாலி இல்லையா? இயற்கையாக இருக்கட்டும் என்று கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி எழுதினேன். உண்மையில் அன்று ஹேமா போனது இரண்டே தடவை. மதியம் இரண்டரைக்கு ஒன்று, ராத்திரி படுக்கப் போகும் முன் ஒன்று. நான் கையெழுத்துப் போட்டது ஏழுக்கு.

அடுத்த வாரம் டாக்டரம்மா சார்ட்டை விரித்தார். வெளியே எழுபது பேர் காத்திருக்கிறார்கள். விரலால் ஓட்டிப் பார்த்தார்.

"ஏழு, எட்டு, ஏழு. அருமையா போறாளே! அப்ப இது அடக்கற கேஸ் இல்ல. குழாய் பையில சேர்ற இடத்துலதான் கோளாறு. வயித்தைத் திறந்து, குழாயை எடுத்து வேற மாதிரி பொருத்தணும். பத்து நாள் இங்க இருக்க வேண்டியிருக்கும். வர்ற இருபதாம் தேதி வெச்சுக்கலாமா?"

தேவியின் முகம் வெளுத்துவிட்டது. குமரேசன், "சரிங்க மேடம்" என்றான். நான்? எழுத்தாளன், ஆராய்ச்சிப் பிரியன், எல்லாம் தெரிந்தவன். வாயைத் திறக்கவில்லை. மற்ற இரண்டு நாள் சரியாகத்தானே இருக்கிறது, என் ஒரு நாளால் என்ன ஆகிவிடப்போகிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

குமரேசனும் தேவியும் அட்மிஷன் பாரம் நிரப்பப் போனார்கள். வெளியே பெஞ்சில் நானும் ஹேமாவும். கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, வயித்த அறுப்பாங்களா?"

"வலிக்காதும்மா. தூங்க வெச்சுதான் செய்வாங்க."

ஆட்டிய காலை நிறுத்தினாள்.

"நாயித்துக்கெழம நான் ரெண்டு தபாதானே போனேன்? நீ ஏழுன்னு போட்டியே. மீதி அஞ்சுக்குதான் அறுக்கறாங்களா?"

என் வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்வியை எந்த மேனேஜரும் கேட்டதில்லை. அவமானமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எழுபது பேர் வரிசையையும் வாசலில் நின்ற நர்ஸையும் தாண்டி, நேரே உள்ளே போனேன்.

"டாக்டர், ஞாயிற்றுக்கிழமை கணக்கு பொய். நான் எழுதினதுதான்."

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். பின்னாலேயே குமரேசனும் தேவியும் ஓடிவந்தார்கள் — நான் குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடுகிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னா மாமா ஆச்சு?"

சொன்னேன். குமரேசன் முகம் சிவந்தது. "இன்னா மாமா நீங்க! கொழந்த விஷயத்துலயா..." என்று ஆரம்பித்தான். தேவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணாவ இன்னாத்துக்குத் திட்ற? வெள்ளிக்கெழம நானும்தான் நாலு சேத்து எழுதினேன். நீ செவப்புல ஏழுன்னு போட்டு ஒட்டிக்கினா, பெத்தவளே கம்மியா எழுதுவாளா? வந்ததும் 'இன்னாடி, டார்கெட் வர்ல'ன்னு நீதான கேப்ப?"

"அப்ப ரோசம்மா?"

"அந்தக்கா ஜாடியவே தொடல. எங்கிட்ட சொல்லிக்கினு சிரிச்சாங்க."

டாக்டரம்மா குமரேசனைப் பார்த்தார். "நீங்க ஏதாவது?"

குமரேசன் தலையைச் சொறிந்தான். "வெள்ளிக்கெழம டோட்டல் ஆறுதான் மேடம் வந்துச்சு. நான்... ரவுண்ட் பண்ணி ஏழாக்கினேன்."

டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இவ குதிகால்மேல அழுத்தி உக்காருவாளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒரு நாளைக்குப் பத்து தடவை, டாக்டர். அழகாக உட்காருகிறாள் என்று நினைத்தேன்."

"அழகு இல்ல சார். வர்றதை அடக்கற குழந்தைங்க அப்படித்தான் உக்காரும். பார்த்தவங்க ஒரு வார்த்தை எழுதியிருந்தா போதும்." சார்ட்டை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "மறுபடி மூணு நாள். கோடு வேணாம், சிவப்பு வேணாம், டார்கெட் வேணவே வேணாம். போகலன்னா போகலன்னு எழுதுங்க. எனக்குக் காலி இடம்தான் முக்கியம்."

கிளம்பும்போது தேவியிடம் கேட்டார். "நீங்க எப்படிம்மா? வேலைக்கு நடுவுல போறீங்களா?"

"எங்க மேடம்? லைன்ல மாத்து ஆள் வந்தாதான் எழுந்துக்கலாம். அதுக்குப் பயந்துகினு ரெண்டு மணி வரிக்கும் தண்ணியே குடிக்க மாட்டோம். அங்கயும் இவுரு மாதிரி ஒரு சூப்பர்வைசர்தான்."

டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. நடு வயதில் கல், எரிச்சல், கிருமி என்று வரும் பெண்களிடமெல்லாம் இந்தக் கதைதான் என்றார். பஸ் கண்டக்டர், டீச்சர், தையல் லைன் பெண்கள் — எல்லாருமே அடக்கத்தின் உருவங்கள்! குமரேசன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் லைனில் பதினெட்டு பேர் இருக்கிறார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் காபி ஆராய்ச்சி எல்லாம் எப்படி நடக்கிறது? "ஒரு நாளைக்கு எத்தனை கப்?" என்று யாரோ கேட்கிறார்கள். யாரோ பதில் சொல்கிறார்கள். மனைவி பக்கத்தில் இருந்தால் இரண்டு, இல்லாவிட்டால் ஐந்து. நடக்கிறீர்களா என்றால், "தினமும்." சிகரெட் என்றால், "எப்பவாவது." நம்மைப் போன்ற உத்தமர்கள் எழுதிக் கொடுத்ததைக் கூட்டிக் கழித்து, பாவம், அவர்கள் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். இரண்டு மாதத்தில் முடிவு மாறாமல் என்ன செய்யும்? திண்டிவனத்து நண்பரே, உங்கள் அறுபது நாள் காபிக்கு நாம் எல்லாருமே பொறுப்பு.

உண்மைக் கணக்கு இப்படி வந்தது: வெள்ளி இரண்டு, சனி மூன்று, ஞாயிறு இரண்டு. டாக்டரம்மா காலி இடங்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார். இருபதாம் தேதியை அடித்தார்.

"ஆறு மாசம் பார்க்கலாம். எழுந்ததும் முதல் வேலையா போகணும். அப்புறம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அவசரப்படுத்தக் கூடாது. முழுசா போகட்டும். அப்புறமும் எக்ஸ்ரே இப்படியே இருந்தா ஆபரேஷன் செய்யத்தான் வேணும், அதையும் இப்பவே சொல்லிடறேன்."

ஆறு மாதம் கழித்து என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதுவதை நிறுத்தியிருக்கிறேன்.

ஆனால் "எழுந்ததும் முதல் வேலையாக" என்றால்? காம்பவுண்டே ஐந்து மணிக்கு விழித்துவிடும். ஹேமாவும்தான். அந்த நேரத்தில் இரண்டு கதவுக்கும் வெளியே பஸ்காரர்கள் பக்கெட்டோடு நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ரோசம்மா குழாயடியில் எட்டு வீட்டையும் கூட்டிவிட்டார். ஜாடியைத் தொடாமல் எட்டு தடவை எழுதிய குற்ற உணர்ச்சி அவருக்கு.

"இதோ பாருங்க. கொழந்தைக்கு கிட்னி போவுதுன்னா உங்க பஸ்ஸு வந்து காப்பாத்துமா? இனிமே காலையில இந்தப் பக்கத்துக் கதவு மொதல்ல பாப்பாவுக்கு. அது வெளிய வர்ற வரிக்கும் எவனும் தட்டக் கூடாது. தட்டினான்னா நான் கேப்பேன்."

ரோசம்மாவிடம் பேசி ஜெயித்தவர் அந்த ரோட்டிலேயே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை. அந்த வாரம் எனக்கும் குமரேசனுக்கும் முதல் ஷிஃப்ட். ஐந்து நாற்பதுக்குக் கம்பெனி பஸ் கிளம்பியது. அவன் வழக்கமாக உட்காரும் சீட் காலி. எட்டு வருஷ சர்வீஸில் ஒரு நாள்கூட லேட்டாக வராதவன்! மறுபடியும் காய்ச்சலோ?

டவுன் பஸ் மாறி மாறி, ஷிஃப்ட் ஆரம்பித்து நாற்பது நிமிஷம் கழித்து டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. ஆனால் முகத்தில் காய்ச்சல் வீட்டுக் களை இல்லை.

"பாப்பா உள்ள போனா மாமா. பாட்டு பாடிகினு நல்லா நிதானமா உக்காந்துக்கினா. அந்தாண்டக் கதவுல வரிசையா ஆளுங்க. ரோசம்மா குச்சிய வெச்சிகினு காவல். நான் எங்க போறது? லேட் ஸ்லிப்புல 'பஸ் பிரேக் டவுன்'னு போட்டுடுங்க. எப்பவும் போடுறதுதானே."

எப்பவும் போடுவதுதான். எங்கள் ரிஜிஸ்டரை நம்பினால், இந்த வட்டாரத்தில் ஒரு பஸ்கூட முழுசாக ஓடவில்லை என்றுதான் நினைக்க வேண்டும். பேனாவை எடுத்தேன். மேனேஜர் பார்ப்பார், கேட்பார் — கேட்கட்டும். 'காரணம்' என்ற கட்டத்தில் எழுதினேன்: 'மகள் உள்ளே இருந்தாள்.'

ஸ்லிப்பை வாங்கிக் குமரேசன் படித்தான். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். நகராமல் ஜன்னலிலேயே நின்றான். அப்புறம் ஸ்லிப்பைத் திரும்ப என் பக்கம் தள்ளினான்.

"மாமா, எவ்ளோன்னும் எழுதிடுங்க. நூத்தி எண்பது. நானே அளந்தேன்."